இடாப்பில் ஓர் அரைப்பேர்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவதுதான் லேசு. பிள்ளையைக் கொண்டுவந்து வாங்கில் உட்கார வைப்பதற்குள்தான் நமக்குப் பாதி ஆயுள் போய்விடும். சோக்குத் தூசியைத் தின்றே வயதான என் சகபாடிகளே, நீங்கள் தலையாட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே விஞ்ஞான வகுப்பே இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தையலும் மனையியலும் போதும் என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகத்தான் நேரமெடுக்கும். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் அதிபர் ஞானமணி அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. மேலே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இரண்டாம் தவணை முடிவிலை கல்வி அதிகாரி வந்து தலை எண்ணுவார். பதினைஞ்சு பிள்ளையள் இருந்தால் விஞ்ஞானம். பதினாலு எண்டால் மனையியல், உமக்கு இடமாற்றம்.”

தையல் அறையில் ஒரு விளக்கு

பதினாறு பேர் சேர்ந்தார்கள். ஒரு தலை உபரி என்று நான் மெத்தனமாக இருந்துவிட்டேன். ஆய்வுகூடம் கேட்டதற்குத் தையல் அறையில் பாதியைத் தந்தார்கள். அந்தப் பக்கம் நாலு தையல் மெஷின், இந்தப் பக்கம் என் மேசை, நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. என் சொத்து ஒரு மதுசார விளக்கும் ஆறு சோதனைக் குழாய்களும்தான்.

முதல் பரிசோதனையே ஐதரசன் வாயு. குழாயின் வாயில் நெருப்புக் குச்சியைக் காட்டியதும் ‘டப்’ என்று வெடித்தது. என் பிள்ளைகள் கைதட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சட்டை தைத்துக்கொண்டிருந்த பிள்ளை மிதியிலிருந்து காலை எடுக்க மறந்துபோய், சட்டைக் கையைக் கொண்டுபோய்க் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். தையல் டீச்சர் கத்திரிக்கோலும் கையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். “இன்னொரு தரம் வெடிச்சுதுன்னா டீச்சர், இந்தத் திரையை வெட்டி உங்களுக்கே ரவிக்கை தைச்சுக் குடுத்துருவேன்.”

பின்வாங்கில் உம்மா

வகுப்பில் கெட்டிக்காரி பரீனா. அவள் வாப்பா ஹனிபா நாநாவுக்குக் கடைவீதியில் துணிக்கடை. ஒரு மாதம் ஒழுங்காக வந்த பிள்ளை திடீரென்று நின்றுவிட்டாள். கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கிறதாம். பெரிய பிள்ளையை இனித் தனியாக அனுப்ப முடியாதாம். அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அந்தக் கடைக்குப் போவேன். ஒரு நாள் ஊசி, ஒரு நாள் நூல்கட்டை, ஒரு நாள் அரை யார் நாடா. வாங்கிக்கொண்டு கிளம்பமாட்டேன். வாடிக்கையாளர் உட்காரும் வாங்கில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம், “நாநாவுடைய மகள் விஞ்ஞானத்தில் முதலாவது, தெரியுமா?” என்பேன். எட்டாவது நாள் நாநா முழக்கோலைக் கீழே வைத்தார். “நீங்க இப்பிடிக் குந்திக்கிட்டு ஈந்தா எனக்கு யாவாரம் ஓடாது டீச்சர். புள்ள வரட்டும். உம்மாவும் கூட வருவா” என்றார்.

மறுநாள் பரீனாவின் உம்மா முக்காட்டோடும், பின்னுவதற்கு ஒரு லேஸ் உருண்டையோடும் வந்து கடைசி வாங்கில் அமர்ந்தார். மகளுக்குக் காவல். அதிபர் எட்டிப் பார்த்துவிட்டு, “உம்மாவை எண்ணக்கூடாது, விளங்கிச்சோ?” என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் உம்மா தலை நிமிரவில்லை. இரண்டாவது வாரம் லேஸ் வளருவது நின்றது. மூன்றாவது வாரம் நான் வகுப்புக்குள் நுழையும் முன்னமே வழிமறித்துக் கேட்டார்: “நேத்து நான் கொஞ்சம் வெள்ளன போயிட்டன் டீச்சர். அந்த ஒட்சிசன் குழாய்க்குள்ள தணல் குச்சிய வச்ச பொறகு என்னதான் நடந்த? கேட்டா இவ செல்லித் தர மாட்டேங்கிறா.”

இருநூறு யாரும் ஐந்து மணி பஸ்ஸும்

அந்த வருஷ விளையாட்டுப் போட்டியன்று காலையில் மழை, மத்தியானம் பிரதம விருந்தினரின் பேச்சு. இரண்டும் விடுவதாக இல்லை. இருநூறு யார் ஓட்டத்துக்கு விசில் ஊதும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஓட நின்றவர்களில் என் வகுப்பு செல்வராணியும் ஒருத்தி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் இல்லை.

நான் முடிவுக்கோட்டில் கடிகாரத்தோடு நின்றேன். செருப்பில்லாத காலோடு எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தாள், ரிப்பனை நெஞ்சில் வாங்கினாள், நிற்கவில்லை. மைதானத்தின் வாசலில் கிடந்த புத்தகப் பையை ஓட்டத்திலேயே எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். பரிசு கொடுக்க எழுந்த விருந்தினர் கிண்ணத்தோடு நின்றார். நான் போய் வாங்கிக்கொண்டேன். மறுநாள் பஸ் கொண்டக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். “டிக்கட் குடுக்கப் போனா, நெஞ்சுல ரிப்பனோட நிக்குது டீச்சர். எத்தனையாவதா வந்தேன்னு கேட்டேன். ‘தெரியாதுண்ணே, ஸீட் கெடச்சிருச்சு’ன்னு சொல்லுது.”

தனம் கேட்டது

கொஸ்லந்தப் பக்கத்துத் தனலட்சுமி பதுளையில் சித்தி வீட்டில் தங்கி என் வகுப்பில் படித்தாள். ஒரு திங்கட்கிழமை அப்பாவோடு வந்து, என்னிடம் இரவல் வாங்கியிருந்த புத்தகத்தைக் கடதாசி உறை போட்டுத் திருப்பித் தந்தாள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம், வியாழக்கிழமை ரயிலாம். அந்தக் காலத்தில் மலைநாட்டில் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு நாலு பிள்ளையாவது இப்படி வந்து நிற்கும். அவள் கண்டிராத ஊர் அது. அவள் அப்பாவும் கண்டதில்லை. நான் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவள்தான். அன்றைக்குச் சண்டை போட ஆள் அகப்படவில்லை.

மிச்சப் பாடங்களின் குறிப்பை இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவள் வாசலில் திரும்பினாள். “டீச்சர், இந்தத் தவணை முடியிற வரைக்குமாவது என் பேரை வெட்டாம வைங்களேன்” என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதிகாரி வரும்வரை ஒரு பேர் கூடுதலாக இருக்கட்டுமே என்ற கள்ள ஆசையும் கூடவே இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வரவு இடாப்பில் அவள் பேருக்குச் சிவப்பு மையால் கோடு போட்டேன். பிறகு திரைக்குப் பின்னால் போய் அழுதேன். தையல் டீச்சர் மெஷினை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அழுறதுன்னா அழுதுருங்க டீச்சர், இந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது.”

பெரட்டுக் களத்தில்

பதினைந்து. இனி ஒரு தலை குறைந்தாலும் வகுப்பு இல்லை என்று நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் செல்வராணி வராமல் போனாள். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் முதல் பஸ் பிடித்து ஸ்பிரிங்வெளியில் இறங்கியபோது, தோட்டத்தில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான். வரிசையில் கூடைக்கயிறு தலையில், படங்குச் சாக்கு இடுப்பில், செல்வராணி நின்றாள். என்னைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். படிக்கிற பிள்ளையை இழுத்து வந்து மலையில் விட உங்களுக்கு மனசு எப்படி வந்தது என்று கங்காணியிடம் கத்தினேன். கருப்பையா கங்காணி நிதானமான மனிதர். “மெதுவாப் பேசுங்க டீச்சரம்மா, பெரட்டுல கத்துறது தொரையோட வேல” என்றார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். செல்வராணியின் அம்மா கழுத்தில் தூளி கட்டி, அதில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். மலையில் கான் வாய்க்காலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து ஒரு பேராவது வேலைக்கு வராவிட்டால், லயத்தில் இருக்கும் அந்த ஒரு காம்பராவையும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைக் கேட்ட பிறகு நான் யாரிடம் கத்துவது? இருந்தாலும் நகரவில்லை. பிள்ளை பரீட்சை எழுதத்தான் வேண்டும், வழி சொல்லுங்கள் என்று அந்தக் களத்திலேயே நின்றேன். அவள் வராமல் நான் பஸ் ஏறுவதில்லை என்றும் சொன்னேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். பகல் கொழுந்து நிறுவையோடு கூடையை இறக்கி வைத்துவிட்டால் அரைப்பேர் விழும். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். அதுதான் தோட்டத்து வழக்கம். அரைப்பேர் விழுந்தாலும் காம்பரா நிற்கும் என்று கங்காணியும் ஒத்துக்கொண்டார், கணக்கப்பிள்ளையிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் பிள்ளை பதுளைக்கு வந்து சேரப் பகல் ஒன்றேகால் மணி ஆகிவிடுமே, காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவள் இருக்கமாட்டாளே என்றேன். அம்மா தூளியில் கிடந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “மலையில முழுப்பேரும் இருக்கு, அரைப்பேரும் இருக்குங்க. ஒங்க பள்ளிக்கூடத்துல அரைப்பேரு கெடையாதுங்களா?”

ஒரு சாய்ந்த கோடு

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் அதிபரின் மேசையில் வைத்தேன். கிடையாது என்றார். காலையில் இல்லாத பிள்ளை இல்லாத பிள்ளைதான். நான் விடவில்லை. வரவு இடாப்பை எடுத்து முன்பக்கத்திலிருந்து படித்தேன். இருபது வருஷமாக அதில் தினமும் குறி போடுகிற நம் ஆட்களில் ஒருவராவது அந்த முன்பக்கத்தைப் படித்திருப்போமா? சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: முற்பகல் வந்தால் ஒரு சாய்ந்த கோடு, பிற்பகல் வந்தால் அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. நாங்கள் எல்லோரும் காலையிலேயே இரண்டையும் ஒரே இழுப்பில் போட்டுப் பழகியிருந்தோம். பள்ளிக்கூடத்திலும் அரைப்பேர் இருந்திருக்கிறது, நாம்தான் தொலைத்திருக்கிறோம்.

விஞ்ஞானப் பாடத்தைப் பிற்பகலுக்கு மாற்றினேன். மற்றப் பதினாலு பேரும் முணுமுணுத்தார்கள், இரண்டு வீட்டிலிருந்து ஆளும் வந்தது. எல்லோருக்கும் பதில் சொன்னேன், சிலருக்குக் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். ஒன்றேகால் மணிக்குச் செல்வராணி வந்துவிடுவாள். கைவிரல் எல்லாம் கொழுந்துக் கறை, பையில் காய்ந்த ரொட்டி. தினமும் அவள் பேருக்கு நேரே ஒரே ஒரு சாய்ந்த கோடு போட்டேன். அதிபர் மாதக் கடைசியில் அந்த வரிசையை மேலிருந்து கீழே வரை விரலால் தடவிப் பார்த்தார். “சரி, கோட்டைப் போடும். ஆனால் கோட்டுக்குத் தலை இருக்கோ எண்டுதான் கல்வி அதிகாரி பார்ப்பார்.”

வட்டிலப்பம்

தவணையின் கடைசி நாள் அதிகாரி வந்தார். காலை முழுக்க மற்ற வகுப்புகளைப் பார்த்தார். அவர் வருகிறார் என்று என் பிள்ளைகளை அன்று காலையிலேயே விஞ்ஞானப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். எங்கள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வரும்போது மணி பதினொன்றே முக்கால். பேனாவால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். பதினாலு. கடைசி வாங்கில் முக்காட்டோடு எழுந்து நின்ற உம்மாவின் மேல் பேனா ஒரு கணம் தயங்கிவிட்டுத் தாண்டிப் போனது. நான் இடாப்பை விரித்து, அச்சடித்த பக்கத்தைக் காட்டி, சாய்ந்த கோடுகளைக் காட்டி, மூச்சு விடாமல் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கோடு சரிதான் டீச்சர். நான் தலை எண்ணத்தான் வந்தேன். பண்டாரவளையில் எனக்கு இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது” என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இந்த மனிதரை எதைச் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. அப்போது உம்மா மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போவதைப் பார்த்தேன், வீட்டு ஞாபகம் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் ஹனிபா நாநாவே ஆளோடு வந்துவிட்டார். விருந்துக்கு வைக்கிற பெரிய சஹன் தட்டில் வீட்டு மத்தியானச் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பஜ்ஜி. அதிகாரி வேண்டாம் என்றார். நாநா விடுவாரா? எட்டு நாள் என்னோடு மல்லுக்கட்டிய மனிதர் அல்லவா. “தட்ட எறக்கின பொறகு திருப்பிக் கொண்டு போனா எங்களுக்கு மரியாதி இல்ல சேர்” என்றார். அதிகாரி கை கழுவினார். பன்னிரண்டே முக்காலுக்கு எழப் பார்த்தபோது உம்மா இனிப்புக்கு வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பத்துக்கு மறுபடி எழுந்தபோது, நான் எதிர்பார்க்கவே இல்லை, எங்கள் அதிபர் முன்னால் வந்து நின்றார். வாழ்நாளில் விதியைத் தவிர வேறொன்றும் பேசாத அந்த அம்மா, “சேர், ஒரு பிளேன்ரீ குடிக்காமல் போனால் சாப்பாடு செமிக்காது” என்று சொல்லி, தானே கேத்தலை அடுப்பில் வைக்கப் போனார்.

ஒன்றேகால் தாண்டியும் அவள் வரவில்லை. ஒன்றரைக்குத் தேநீர்க் கோப்பையை அதிகாரி கவிழ்த்து வைத்தபோது, வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். மிச்சத் தூரத்தை ஓடியே வந்திருக்கிறாள். சீருடை நனைந்து, கால் முழுக்கச் சேறு, நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம். நேரே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். அதிகாரி பக்கத்தில் போய், கறுத்துக் கிடந்த அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இவ்வளவு பிந்தி வருகிற பிள்ளையை எப்படி வந்ததாக எழுதுவது என்று கேட்டார். கேட்ட குரலில் கடுமை இல்லை, ஆனாலும் கேள்வி கேள்விதான். அதிபர் கேத்தலோடு அப்படியே நின்றார். செல்வராணி எழுந்தாள். “பிந்தி வரலீங்க சார். அரைப்பேரு மலையில குடுத்துட்டேன், மிச்சம் அரைப்பேரு இங்க இருக்கு, எழுதிக்கங்க.”

அவர் இடாப்பை என் கையிலிருந்து வாங்கி, அன்றைய திகதிக்குக் கீழே பதினைந்து என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பயிற்சிக் கலாசாலையில் எனக்குக் கற்பித்தது ஒரு வேலை, பதுளையில் நான் பார்த்தது ஊசி வாங்குவதும் பெரட்டுக்குப் போவதும் பந்தி பரிமாறுவதுமான வேறு வேலை, ஆனாலும் என் ஓய்வூதியக் கடிதத்தில் ‘ஆசிரியை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள்.